அறை ஒன்று, வகுப்பு ஐந்து

நாட்டின் பள்ளிகளைப் பற்றிய புள்ளிவிவரங்களைத் திரட்டும் யுடைஸ் அமைப்பின் 2024-25ஆம் கல்வியாண்டு அறிக்கையை ஒன்றியக் கல்வி அமைச்சகம் வெளியிட்டபோது, நாட்டில் பள்ளி ஆசிரியர்களின் எண்ணிக்கை முதன்முறையாக 1 கோடியைத் தாண்டியிருக்கிறது என்பதே பெரிய செய்தியாகப் பேசப்பட்டது. மழலை வகுப்பிலிருந்து இரண்டாம் வகுப்பு வரை 10 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர், மூன்றாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை 13 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் என்று அரசுப் பள்ளி, தனியார் பள்ளி எல்லாவற்றையும் சேர்த்து அந்த அறிக்கை கணக்குக் காட்டியது. 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையோ, 30 பேருக்கு ஒருவர் என்ற அளவுக்கு மேல் போகக் கூடாது என்றுதான் கேட்கிறது. அப்படிப் பார்த்தால் நெரிசலான வகுப்பறை என்பதெல்லாம் பழங்கதை என்றே ஒருவர் நினைத்துக்கொள்ளலாம். ஆனால் அதே அறிக்கையில், ஒரே ஓர் ஆசிரியரைக் கொண்டு நடக்கும் பள்ளிகள் 1 லட்சத்துக்கு மேல் இருக்கின்றன என்றும், அவற்றில் 33 லட்சத்துக்கும் கூடுதலான பிள்ளைகள் படிக்கிறார்கள் என்றும் இருக்கிறது. ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் இடைநிலை ஆசிரியராகச் சேர்ந்து, தலைமை ஆசிரியராக ஓய்வு பெற்றவன் நான். இந்த இரண்டு கணக்குகளுக்கும் நடுவில்தான் என் பணிக்காலம் முழுவதும் கழிந்தது.

சராசரி என்பது மாவட்டத்துக்கும் மாநிலத்துக்கும் உண்டு. வகுப்பறைக்கு அது கிடையாது. வகுப்பறையில் இருப்பவை நான்கு சுவர்கள், ஒரு கரும்பலகை, ஒரு குரல், அந்தக் குரலைக் கேட்க உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள், இவ்வளவுதான். 12 பேர் படிக்கும் மலையடிவாரப் பள்ளியையும் 300 பேர் படிக்கும் நகர விளிம்புப் பள்ளியையும் கூட்டி வகுத்தால் கிடைக்கும் எண், இரண்டு பள்ளிகளில் எதைப் பற்றியும் உண்மை பேசுவதில்லை. இதை எந்த அதிகாரியிடம் சொன்னாலும் ஒத்துக்கொள்வார்கள். ஒத்துக்கொண்டுவிட்டு, ஆசிரியர்-மாணவர் விகிதம் எவ்வளவு என்று கேட்டுப் படிவத்தில் நிரப்புவார்கள்.

குற்றம் அதிகாரிகளுடையது மட்டுமல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் கணக்குப் போடும் முறையே சட்டத்தில் அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது. 2009இல் இயற்றப்பட்டு 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் இறுதியில் ஓர் அட்டவணை இருக்கிறது. ஒன்று முதல் ஐந்து வரை வகுப்புகள் உள்ள பள்ளியில் 60 பிள்ளைகள் வரை 2 ஆசிரியர், 61 முதல் 90 வரை 3 ஆசிரியர், 91 முதல் 120 வரை 4 ஆசிரியர் என்று அது போகிறது. ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளுக்கு மட்டும், வகுப்புக்கு ஓர் ஆசிரியராவது இருக்க வேண்டும் என்று அதே அட்டவணை தனியாகச் சொல்கிறது. எழுத்தும் எண்ணும் முதன்முதலாகக் கைக்கு வரும் வயதில், யாராவது பக்கத்தில் உட்கார்ந்து விரலைப் பிடித்துத் திருத்த வேண்டிய வயதில், அந்த உறுதி பிள்ளைக்கு இல்லை. பத்து வயதைத் தாண்டியவனுக்குக் கிடைக்கும் தனி ஆசிரியர், ஆறு வயதுப் பிள்ளைக்குச் சட்டப்படியே கிடையாது.

கட்டடத்தைப் பற்றிய பகுதி இன்னும் கவனித்துப் படிக்க வேண்டியது. எல்லாப் பருவநிலையையும் தாங்கும் கட்டடம், ஆண் பெண் பிள்ளைகளுக்குத் தனித்தனிக் கழிப்பறை, குடிநீர், சமையற்கூடம், விளையாட்டிடம், சுற்றுச்சுவர் அல்லது வேலி என்று பட்டியலிடும் அந்த அட்டவணை, வகுப்பறையைப் பற்றிச் சொல்லும்போது ஆசிரியர் ஒருவருக்கு ஓர் அறையாவது இருக்க வேண்டும் என்கிறது. வகுப்பு ஒன்றுக்கு ஓர் அறை என்று சொல்லவில்லை. ஆசிரியர் எண்ணிக்கை பிள்ளைகளின் தலைக்கணக்கில் கட்டப்பட்டிருக்கிறது. அறைகளின் எண்ணிக்கை ஆசிரியர் எண்ணிக்கையில் கட்டப்பட்டிருக்கிறது. ஆகவே 41 பிள்ளைகளும் ஐந்து வகுப்புகளும் உள்ள ஒரு பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்களும் இரண்டு அறைகளும் இருந்துவிட்டால், சட்டத்தின் பார்வையில் அங்கே ஒரு குறையும் இல்லை. இடநெருக்கடியையும் ஆசிரியர் பற்றாக்குறையையும் தனித்தனியாகப் பேசுகிறவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன்: இரண்டும் ஒரே முடிச்சு, ஓர் இழையை மட்டும் பிடித்து இழுத்தால் இறுகத்தான் செய்யும்.

மேலே சொன்ன 41 என்ற எண் நான் பணியாற்றிய ஒரு பள்ளியின் எண்தான். முதல் வகுப்பில் 7, இரண்டில் 9, மூன்றில் 6, நான்கில் 11, ஐந்தில் 8. விகிதத்தைக் கேட்டால் 20 பேருக்கு ஓர் ஆசிரியர் என்று பெருமையாகவே சொல்லலாம். நடைமுறையில் முதல் மூன்று வகுப்புகளும் ஓர் அறையில், நான்காம் ஐந்தாம் வகுப்புகள் இன்னோர் அறையில். தலைமை ஆசிரியருக்கு எழுத்தர் கிடையாது. வட்டாரக் கல்வி அலுவலகத்தில் கூட்டம், எமிஸ் என்ற கல்வித் தகவல் இணையதளத்தில் பதிவேற்றம், புத்தகப்பை, காலணி, சீருடை வாங்கி வருதல், வங்கி வேலை, இவை எல்லாம் அவர் தலையில்தான். அவர் வெளியே போகும் நாளில் 41 பேரும் ஐந்து வகுப்புகளும் ஒரே அறையில், ஒரே ஆசிரியரிடம். ஈராசிரியர் பள்ளி என்று பெயர். மாதத்தில் பாதி நாள் ஓராசிரியர் பள்ளிதான்.

வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இதில் என்ன கடினம் என்று தோன்றும். கரும்பலகையில் இரண்டு செங்குத்துக் கோடுகள் போட்டு மூன்றாகப் பிரித்துக்கொள்வேன். இடப்பக்கம் முதல் வகுப்புக்கு எழுத்து, நடுவில் இரண்டாம் வகுப்புக்குக் கூட்டல், வலப்பக்கம் மூன்றாம் வகுப்புக்கு ஒரு பத்தி. முதல் வகுப்புப் பிள்ளை ‘அ’வின் சுழியை எந்தப் பக்கம் தொடங்குவது என்று தெரியாமல் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, இரண்டாம் வகுப்பில் ஒருத்தி 27உடன் 15ஐக் கூட்டுவதில் கையிருப்பு 1 எங்கே போயிற்று என்று கேட்பாள். நான் வாயைத் திறப்பதற்குள் மூன்றாம் வகுப்பிலிருந்து ஒருவன் 42 என்று விடையைச் சொல்லிவிடுவான். அவன் கெட்டிக்காரன், தவறு அவனுடையதல்ல. ஆனால் அந்தப் பெண் யோசிக்கத் தொடங்கிய இடம் அத்தோடு மூடிவிட்டது. நாற்பது நிமிடப் பாடவேளையில் ஒரு வகுப்புக்குக் கிடைப்பது பதின்மூன்று நிமிடம். ஒன்று முதல் ஐந்து வரையிலான வகுப்புகளுக்கு ஆண்டுக்கு 800 மணி நேரம் கற்பித்தல் நடக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. மூன்று வகுப்புகள் பகிர்ந்துகொள்ளும் அறையில், ஆசிரியர் ஒரு வகுப்பை நேராகப் பார்த்துப் பேசும் நேரம் 270 மணியைக்கூடத் தொடாது.

இதில் ஒரு குரூரமான வேடிக்கையும் உண்டு. தமிழ்நாட்டில் ஆகஸ்ட் 1ஆம் தேதி நிலவரப்படிதான் ஆசிரியர் பணியிடம் நிர்ணயிக்கப்படும். ஜூன், ஜூலை இரண்டு மாதமும் தலைமை ஆசிரியர்கள் ஊருக்குள் வீடு வீடாகப் போய்ப் பிள்ளை பிடிப்பது வெறும் ஆர்வத்தால் மட்டுமல்ல. 61 பேர் இருந்தால் மூன்றாவது ஆசிரியர் கிடைப்பார். 59 பேர் என்றால், ஏற்கெனவே இருக்கும் மூன்றாமவர் உபரி ஆசிரியர் ஆகிவிடுவார், பணி நிரவலில் வேறு ஒன்றியத்துக்குப் போய்விடுவார். ஒரு குடும்பம் செங்கல் சூளைக்குப் பிழைக்கப் போனால் அந்தக் குடும்பத்தின் இரண்டு பிள்ளைகளோடு ஓர் ஆசிரியரும் ஊரைவிட்டுப் போவார். மீதமிருக்கும் 59 பேருக்கு வகுப்பு ஐந்துதான், குறையவில்லை.

இனி மறுகோடி. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் தொழிற்சாலைகள் வந்த பிறகு, பத்து ஆண்டுகளுக்கு முன்பு கிராமமாக இருந்த ஊர்களில் பிள்ளைகள் எண்ணிக்கை மளமளவென்று கூடியது. அப்படியொரு ஊரின் பள்ளியில் நான் பணியாற்றிய காலத்தில் முதல் வகுப்பில் 64 பேர். அவர்களில் சிலர் வீட்டில் ஒடியாவும் இந்தியும் பேசுகிறவர்கள். எண்ணிக்கை கூடியதால் பணியிடம் கிடைத்தது, ஆசிரியரும் வந்தார், அறை வரவில்லை. 20 அடிக்கு 20 அடி அறை. அதில் ஆசிரியர் மேசை, இரும்பு பீரோ, அரிசி மூட்டை வைக்கும் மூலை ஆகியவற்றைக் கழிக்காமல் பார்த்தாலும் ஒரு பிள்ளைக்கு 6 சதுர அடிக்குச் சற்று கூடுதலாக வரும். சம்மணம் போட்டு உட்கார்ந்தால் பக்கத்துப் பிள்ளையின் முழங்கால் இடிக்கும். நோட்டை மடியில் வைத்துத்தான் எழுத முடியும். மடியில் வைத்து எழுதினால் கோடு வளையும். கோடு வளைந்தால் அடுத்த ஆண்டு ஆசிரியர், கையெழுத்து சரியில்லை என்று திட்டுவார்.

அறுபத்து நான்கு பேரின் நோட்டுகளைத் திருத்த, ஒரு நோட்டுக்கு ஒரு நிமிடம் என்றாலும், பாடவேளை முடிந்து அடுத்த பாடவேளையும் பாதி கடந்துவிடும். ஆகவே திருத்தம் என்பது டிக் அடிப்பதாகச் சுருங்குகிறது. முன்வரிசைப் பிள்ளைகள் கேள்விக்குப் பதில் சொல்வார்கள், பின்வரிசையில் சண்டை நடக்கும், ஆசிரியரின் கவனம் இந்த இரண்டுக்கும் செலவாகிவிடும். நடுவில் இருபது இருபத்தைந்து பேர் நல்ல பிள்ளைகளாக வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருப்பார்கள். டிசம்பரில் அரையாண்டுத் தேர்வுத் தாளைப் பார்க்கும்போதுதான் அவர்களில் பலருக்கு உயிரெழுத்துக்கூட முழுதாக வரவில்லை என்பது தெரியவரும். சிறிய வகுப்பு உண்மையிலேயே பயன் தருமா என்று கேட்பவர்களுக்காக அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் 1985 முதல் நான்கு ஆண்டுகள் நடந்த ஸ்டார் ஆய்வைச் சொல்லலாம். 13 முதல் 17 பேர் கொண்ட வகுப்புகளையும் 22 முதல் 25 பேர் கொண்ட வகுப்புகளையும் ஒப்பிட்டு, சிறிய வகுப்பில் படித்த பிள்ளைகள் முன்னேறியதையும், ஏழைப் பிள்ளைகளுக்கு அந்தப் பயன் கூடுதலாக இருந்ததையும் அது காட்டியது. அவர்கள் ‘பெரிய வகுப்பு’ என்று வைத்துக்கொண்ட எண்ணைப் பாருங்கள்.

கழிப்பறைக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன், கட்டடம் என்றால் வகுப்பறை மட்டும்தான் என்று நினைக்கிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். அந்தப் பள்ளியில் ஏறத்தாழ 150 பெண் பிள்ளைகள், பயன்படுத்தும் நிலையில் மூன்று கழிப்பறைகள், இடைவேளை பத்து நிமிடம். ஒரு கழிப்பறைக்கு 50 பேர், ஒருவருக்கு 12 விநாடி. எனவே பெண் பிள்ளைகள் காலையிலிருந்தே தண்ணீர் குடிக்க மாட்டார்கள். மதியத்துக்கு மேல் தலைவலி என்று படுத்துவிடும் பிள்ளைகள் யார் யார் என்று பார்த்தால் பெரும்பாலும் பெண்களாகவே இருந்தார்கள்.

இடம் போதவில்லை என்றால் இரண்டு ஷிப்டாக நடத்துங்கள் என்று அப்போது ஒரு யோசனை வந்தது. பழைய யோசனைதான். 1953இல் இராஜாஜி அரசு கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளில் கொண்டுவந்த மாற்றியமைக்கப்பட்ட தொடக்கக் கல்வித் திட்டம், பள்ளி நேரத்தை நாளொன்றுக்கு மூன்று மணியாகக் குறைத்துப் பிள்ளைகளை இரண்டு பிரிவாக்கியது. மீதி நேரத்தில் பெற்றோரின் தொழிலைப் பழக வேண்டும் என்றதால் அது குலக்கல்வித் திட்டம் என்று பெயர் பெற்று, பெரும் எதிர்ப்பைச் சந்தித்து, 1954இல் காமராசர் முதலமைச்சரானதும் கைவிடப்பட்டது. சாதி சார்ந்த அந்தப் பகுதி நமக்கு நன்றாக நினைவிருக்கிறது, நினைவிருக்கவும் வேண்டும். அதோடு ஒட்டிக்கொண்டு வந்த இன்னொரு வாதம் மறந்துவிட்டது: இருக்கிற கட்டடத்தையும் ஆசிரியரையும் கொண்டே இரண்டு மடங்கு பிள்ளைகளுக்கு இடம் கொடுத்துவிடலாம் என்ற சிக்கன வாதம். இடம் இல்லையென்றால் பிள்ளையின் நேரத்தைக் குறைப்பது என்ற அந்த எண்ணம் ஒவ்வொரு தலைமுறையிலும் வேறு வேறு பெயரில் எழுந்து வருகிறது.

சிக்கனம் என்று வந்தால் சென்னைக்கு இதில் உலகப் புகழே உண்டு. எழும்பூரில் ராணுவத்தாரின் ஆதரவற்ற ஆண் பிள்ளைகளுக்காக இருந்த விடுதியின் பொறுப்பை 1789இல் ஏற்ற ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், உள்ளூர்ப் பள்ளியொன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டார். அந்த வழக்கத்தையும், மூத்த பிள்ளையைக் கொண்டே இளைய பிள்ளைகளுக்குக் கற்பிப்பதையும் சேர்த்து ஒரு முறையாக வகுத்து, 1797இல் லண்டனில் நூலாக வெளியிட்டார். அது ‘மதராஸ் முறை’ என்ற பெயரில் இங்கிலாந்தில் பரவியது. கிட்டத்தட்ட அதே காலத்தில் லண்டனில் அதுபோன்ற பள்ளியை நடத்திய ஜோசப் லங்காஸ்டர், ஓர் ஆசிரியரால் ஆயிரம் பிள்ளைகளுக்குக் கற்பிக்க முடியும் என்றே சொன்னார். ஒரு பெரிய கூடம், ஓர் ஆசிரியர், வரிசைக்கு ஒரு சட்டாம்பிள்ளை. செலவு மிகக் குறைவு. திண்ணைப் பள்ளியில் இருபது முப்பது பேருக்கு நடுவே இயல்பாக நடந்த ஒன்று, ஏழைகளின் பிள்ளைகளை மலிவாகப் படிக்கவைக்கும் ஏற்பாடாக மாறிவிட்டது.

இதை நான் ஏளனமாகச் சொல்லவில்லை. 64 பேரை வைத்துக்கொண்டு நானும் அதைத்தான் செய்தேன். எட்டுப் பேருக்கு ஒரு குழுத்தலைவர் என்று வைத்து, கொஞ்சம் வேகமாகப் படிக்கும் பிள்ளைகளிடம் மற்றவர்களை ஒப்படைத்தேன். சில பிள்ளைகள் என்னைவிடப் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார்கள் என்பதும் உண்மை. ஆனால் அந்த எட்டுத் தலைவர்களும் ஆறு வயதுப் பிள்ளைகள். அவர்கள் கற்க வேண்டிய நேரத்தை எடுத்து, நியமிக்கப்படாத ஆசிரியரின் இடத்தில் வைத்தோம்.

செயல்வழிக் கற்றல் வந்தபோது எனக்கு இந்த விஷயம் இன்னும் தெளிவானது. ஆந்திரத்தின் ரிஷி பள்ளத்தாக்கில், பல வகுப்புப் பிள்ளைகள் ஒன்றாகப் படிக்கும் சிறு கிராமப் பள்ளிகளுக்காக உருவான முறையைத் தழுவி, 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, 2007-08இல் மாநிலம் முழுவதும் விரிவாக்கப்பட்டது அது. கற்றல் ஏணி, அட்டைகள், தட்டுகள், பாய்கள், பிள்ளைகள் எழுதியதைத் தொங்கவிடக் கம்பிப் பந்தல், ஒவ்வொரு பிள்ளைக்கும் சுவரின் கீழ்ப்பகுதியில் ஒரு கட்டம் கரும்பலகை. பிள்ளைகள் ஆறு குழுக்களாக வட்டமாக உட்கார்ந்து, ஒருவர் ஆசிரியரின் முழு உதவியோடும், ஒருவர் சக மாணவர் உதவியோடும், ஒருவர் தானாகவும் கற்க வேண்டும். சிறிய பள்ளியில் அது நன்றாகவே நடந்தது. இரண்டாம் வகுப்புப் பிள்ளை மூன்றாம் வகுப்பு அட்டையை எடுத்துக்கொண்டு போய்ப் படிப்பதைப் பார்க்கும் சந்தோஷமே தனி. அதே முறையை 64 பேர் இருந்த அறையில் செய்து பார்த்தால், ஆறு வட்டங்களுக்குத் தரையில் இடம் இல்லை. சுவரோரக் கரும்பலகையை எட்ட வேண்டுமானால் மூன்று பேரைத் தாண்டிப் போக வேண்டும். அட்டைகள் கால்பட்டுக் கிழிந்தன. கடைசியில் ஆய்வுக்கு ஆள் வரும் நாளில் வட்டம், மற்ற நாளில் வரிசை என்றாகிவிட்டது. முறை தோற்றது என்று எழுதினார்கள். தரை போதவில்லை என்று யாரும் எழுதவில்லை. 2022இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டமும், அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துக் குழுவாக உட்காரவைக்கச் சொல்கிறது. நல்ல திட்டம். அதற்கும் தரைதான் வேண்டும்.

கட்டடங்களின் வரலாற்றை எங்கள் பகுதிப் பள்ளிகளின் சுவர்களிலேயே படிக்கலாம். நான் முதன்முதலில் பணியில் சேர்ந்த பள்ளியின் பழைய கட்டடம் ஓட்டுக் கட்டடம். தடித்த சுவர், உயரமான கூரை, இரு பக்கமும் சன்னல், முன்னால் தூண் வைத்த தாழ்வாரம். வாசல் பக்கச் சுவரில், நிலம் கொடுத்தவர், மரம் கொடுத்தவர், மணி கொடுத்தவர் என்று பெயர் பொறித்த கல் ஒன்று பதித்திருந்தது. பொதுக் கல்வி இயக்குநராக இருந்த நெ.து. சுந்தரவடிவேலு முன்னின்று 1958 முதல் ஊர் ஊராக நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளின் தடம் அது. அந்தக் கட்டடம் வெயிலுக்கு இதமானது என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அது ஒரே நீண்ட கூடம். வகுப்புக்கும் வகுப்புக்கும் நடுவில் பீரோவும் நிறுத்துப் பலகையும்தான் தடுப்பு. இந்தப் பக்கம் வாய்ப்பாடு சொன்னால் அந்தப் பக்கம் செய்யுள் கேட்காது. பழைய கட்டடங்களைப் பற்றி ஏக்கத்தோடு எழுதுகிறவர்கள் அதற்குள் ஒரு நாள் ஐந்து வகுப்புகளுக்கு நடுவில் பாடம் நடத்திப் பார்க்க வேண்டும்.

அதற்குப் பின், 1986ஆம் ஆண்டின் கல்விக் கொள்கையை ஒட்டி 1987இல் கரும்பலகைத் திட்டம் வந்தது. எந்தத் தொடக்கப் பள்ளியிலும் குறைந்தது இரண்டு அறைகளும் இரண்டு ஆசிரியர்களும் இருக்க வேண்டும் என்றது அது. மரத்தடியில் ஓராசிரியரோடு நடந்த பள்ளிகளுக்கு அது உண்மையிலேயே பெரிய உயர்வு. ஆனால் அன்று குறைந்தபட்சம் என்று வைத்த இரண்டு, 2009ஆம் ஆண்டின் சட்ட அட்டவணையில் 60 பிள்ளைகள் வரைக்கும் போதுமான அளவாகவே உட்கார்ந்துவிட்டது. இருபத்திரண்டு ஆண்டுகளில் வாசற்படி கூரையாகிவிட்டது.

2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் 94 குழந்தைகள் வெந்து இறந்தார்கள். சமையற்கூடத்தில் பிடித்த தீ மாடியில் இருந்த வகுப்புகளின் கீற்றுக் கூரைக்குத் தாவியது. ஒரே கட்டடத்தில் மூன்று பள்ளிகள், குறுகலான படிக்கட்டு, அடைத்து உட்காரவைக்கப்பட்ட பிள்ளைகள். நாம் கீற்றை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டோம். பள்ளிகளில் கீற்றுக் கூரை தடைசெய்யப்பட்டது, கான்கிரீட் வந்தது. அது தேவையான நடவடிக்கைதான். ஆனால் கீற்று தீப்பிடித்ததால் மட்டும் இவ்வளவு பேர் இறக்கவில்லை. ஒரு படிக்கட்டு தாங்கும் அளவைவிடக் கூடுதலான பிள்ளைகள் அதன் மேல்முனையில் இருந்ததாலும் இறந்தார்கள். வகுப்பின் அளவும் கட்டடத்தின் பாதுகாப்பும் ஒன்றுதான் என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை. 2014இல் தீர்ப்பு வந்தது, பத்துப் பேருக்குத் தண்டனை விதிக்கப்பட்டது. வகுப்பில் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்க்கும் பழக்கம் மட்டும் வரவில்லை.

2021 டிசம்பர் 17 அன்று திருநெல்வேலியில் ஒரு பள்ளியின் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்த பிறகு, மாநிலம் முழுவதும் பழுதடைந்த பள்ளிக் கட்டடங்களைக் கணக்கெடுத்து இடிக்க உத்தரவு வந்தது. எங்கள் ஒன்றியத்திலும் அளவெடுத்தார்கள். ஓட்டுக் கட்டடங்களைவிட, பிற்பாடு கட்டிய கான்கிரீட் அறைகள் பல மோசமாக இருந்தன. கூரையின் அடிப்பூச்சு பெயர்ந்து, உள்ளே கம்பி துருப்பிடித்து ஊதி, தட்டினால் பொல்லென்று உதிர்ந்தது. இடிப்பது சில நாட்களில் முடிந்துவிட்டது. கட்டுவது அப்படி முடியவில்லை. நான் அப்போது இருந்த பள்ளியின் பிள்ளைகள் சமுதாயக் கூடத்துக்குப் போனார்கள். முகூர்த்த நாள்களில் அங்கே கல்யாணம் இருக்கும், அன்றைக்குக் கோயில் மண்டபம். கரும்பலகையை ஒருவரும் சத்துணவுப் பாத்திரத்தை ஒருவரும் தூக்கிக்கொண்டு தெருவில் நடந்த நாள்கள் அவை. கடிதம் எழுதினால் ஓர் அலுவலகம் இன்னோர் அலுவலகத்தைக் காட்டும்.

இதற்கும் ஒரு காரணம் உண்டு, அது யாருடைய தனிப்பட்ட சோம்பலும் அல்ல. ஊராட்சி ஒன்றியப் பள்ளி ஆசிரியர்கள் 1981 ஜூன் 1 முதல் அரசு ஊழியர்கள் ஆனார்கள். பள்ளிக் கட்டடம் ஒன்றியத்தின் சொத்தாகவே தொடர்ந்தது. ஆசிரியர் கல்வித் துறைக்கும், கட்டடம் ஊரக வளர்ச்சித் துறைக்கும் உரியவை. ஆசிரியர் கூடினால் அறை கூட வேண்டும் என்ற சட்ட விதி, இரண்டு துறைகளின் கோப்புகளுக்கு நடுவில் பயணம் செய்ய வேண்டியிருக்கிறது. 2022-23 நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கப்பட்ட பேராசிரியர் அன்பழகன் பள்ளி மேம்பாட்டுத் திட்டம் ஐந்து ஆண்டுகளில் ரூ.7,000 கோடி என்று பெரிய தொகையை ஒதுக்கியது. ஊரக வளர்ச்சித் துறையின் குழந்தை நேயப் பள்ளித் திட்டத்திலும் அறைகள் எழும்பியிருக்கின்றன. புதிய அறைகள் பழைய கான்கிரீட் அறைகளைவிட எல்லா வகையிலும் நன்றாக இருப்பதை நேரில் பார்த்திருக்கிறேன். உட்கார வழுக்காத தரை, சரிவுப் பாதை, மின்விசிறி, வெளிச்சம். என் குறையெல்லாம் எண்ணிக்கையைப் பற்றியது. இடித்தது மூன்று அறை என்றாலும், பள்ளியில் ஆசிரியர் இருவர் என்பதால் கட்டித் தருவது இரண்டு அறை.

இத்தனை சிறிய பள்ளிகளை எதற்கு வைத்திருக்க வேண்டும், பக்கத்துப் பள்ளியோடு இணைத்துவிட்டால் வகுப்புக்கு ஓர் ஆசிரியர் தானாகக் கிடைப்பாரே என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். கேள்வி நியாயமானதுதான், அறிவுள்ளவர்களே அதைக் கேட்கிறார்கள். ஆனால் ஆறு வயதுப் பிள்ளை இரண்டு கிலோமீட்டர் தூரம் நெடுஞ்சாலை ஓரமாக நடந்து போகாது. கொண்டுவிடும் தகப்பன் காலை ஆறு மணிக்கே வேலைக்குப் போயிருப்பான். மூடிய பள்ளியின் பிள்ளைகளில் வசதி உள்ளவர்கள் வேனில் தனியார் பள்ளிக்குப் போவார்கள், இல்லாதவர்கள் அடிக்கடி விடுப்பு எடுத்து மெல்ல நின்றுபோவார்கள். அதோடு, இணைக்கப்பட்ட பள்ளியில் அறை கூடாது. அங்கே மூன்று வகுப்பு ஓர் அறையில் இருந்ததுபோய், ஒரே வகுப்பில் 50 பேர் என்று ஆகும். ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குப் போவதற்குப் பெயர் தீர்வு என்று எனக்குத் தோன்றவில்லை.

ஓய்வு பெற்ற பிறகு, கேட்கிற பள்ளி மேலாண்மைக் குழுக்களுக்குத் தீர்மானம் எழுதிக் கொடுக்கும் வேலையைச் செய்துவருகிறேன். ‘ஆசிரியர்-மாணவர் விகிதம்’ என்ற சொல்லைத் தீர்மானத்தில் எழுத வேண்டாம் என்று சொல்வேன்; அதை எழுதினால் பதில் ஏற்கெனவே தயாராக இருக்கும். அதற்குப் பதிலாக, ஒவ்வொரு அறையின் நீள அகலம், அந்த அறையில் உட்காரும் வகுப்புகள், ஒவ்வொரு வகுப்பிலும் பிள்ளைகள் எத்தனை பேர், கடந்த மாதத்தில் அந்த அறையில் ஆசிரியர் இல்லாத நாள்கள், இடைவேளையில் பயன்படும் கழிப்பறைகள் எத்தனை, இவற்றை எழுதச் சொல்வேன். எந்தத் தொடக்கப் பள்ளிக்கும் குறைந்தது மூன்று ஆசிரியர், முதல் இரண்டு வகுப்புகளுக்கு ஒருவர் தனியாக, ஆசிரியர் எண்ணிக்கை எதுவானாலும் மூன்று அறைக்குக் குறையாமல் கட்டடம் என்பது நாங்கள் வைக்கும் கோரிக்கை. சட்டத்தில் இடமில்லை என்றே இதுவரை பதில் வந்திருக்கிறது. அட்டவணையில் உள்ளது குறைந்தபட்ச அளவுதான், அதற்கு மேல் தருவதை எந்த விதியும் தடுக்கவில்லை என்று அடுத்த தீர்மானத்தில் சேர்த்து அனுப்பியிருக்கிறோம்.